ஏ.ஆர். கண்ணாடியும் பக்கவாதத்துக்குப் பிந்தைய நடையும்: மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுக்கிறேன். சமவெளியில் இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் புராஜெக்டுக்காகச் செய்த நடைப் பயிற்சி மென்பொருளும், அதற்கான ஏ.ஆர். (ஆக்மென்டட் ரியாலிட்டி, நிஜக் காட்சியின் மேல் படத்தைச் சேர்த்துக் காட்டுவது) கண்ணாடி ஒன்றும் ஒன்றரை வருஷமாக என் பையில் இருக்கின்றன. பையைத் திறந்தாலே கேள்வி ஆரம்பித்துவிடும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடோ, படுகர் ஊரான ஹட்டியோ, பங்களாவோ, கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிச் சலித்துப்போய் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

கண்ணாடியை மாட்டினா எங்க வீட்டுக்காரர் நடந்துருவாரா டாக்டரம்மா?

நான் டாக்டரம்மா இல்லை, பிசியோ. அப்புறம், கண்ணாடியை மாட்டியதால் மட்டும் யாரும் நடந்ததில்லை. நடப்பது அவர், இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே போவது நான், கண்ணாடிக்கு இருக்கிற வேலை ஒன்றே ஒன்று: அடுத்த அடியை எங்கே வைக்க வேண்டும் என்று தரையிலேயே காட்டுவது. மாட்டிக்கொண்டால் அறை, சுவர், கட்டில், தன்னுடைய கால் எல்லாம் எப்போதும் போலத் தெரியும், கூடவே தரையில் மஞ்சள் பட்டைகள் வரிசையாகப் போட்டுவைத்த மாதிரியும் தெரியும். பட்டை நிஜத்தில் இல்லை. ஏ.ஆர். என்பது அவ்வளவுதான்.

நிற்கவே முடியாதவருக்கு இது வேண்டாம். கோல் பிடித்தோ, ஒரு ஆள் பிடித்தோ நாலைந்து அடி வைக்க முடிகிறவருக்குத்தான் பிரயோஜனம்.

என் பையன் கண்ணை மூடற மாதிரி ஒரு பெட்டியை மாட்டிக்கிட்டு கேம் ஆடறான். அதுதானே இது?

அவன் ஆடுவது அநேகமாக வி.ஆர். அதில் நாம் இருக்கிற இடத்தை மறைத்துவிட்டு வேறொரு இடத்தைக் காட்டுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஆட்டிப் பழக அது நல்ல விஷயம்தான். ஆனால் எங்கே விழுந்துவிடுவோமோ என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருக்கிறவரிடம் அவர் காலையே மறைத்துவிட்டு "நடங்க" என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

ஏ.ஆரிலும் இரண்டு வகை உண்டு. மைக்ரோசாப்டின் ஹோலோலென்ஸ் 2 மாதிரியானவை நிஜமான கண்ணாடி, அதன் வழியாகவே வெளியே பார்க்கிறோம். மெட்டாவின் குவெஸ்ட் 3 மாதிரியானவை முன்பக்கம் மூடியிருக்கும், கேமரா அறையைப் படம் பிடித்து உள்ளே திரையில் காட்டும். விலை குறைவு, படம் பளிச்சென்று இருக்கும், எல்லாம் சரி. ஆனால் பாதி நடையில் சார்ஜ் தீர்ந்துபோனால் முதல் வகையில் மஞ்சள் பட்டைதான் மறையும், இரண்டாவது வகையில் அறையே இருட்டாகிவிடும். பக்கவாதக்காரருக்கு எதை மாட்டுவது என்று யாராவது கேட்டால் நான் முதலில் யோசிப்பது இதைத்தான்.

அடைப்பு மூளையில. காலுக்கு எதுக்குப் படம் காட்டறீங்க?

நல்ல கேள்வி, இதைக் கேட்டவர் ஒரு ரிட்டையர்டு லாரி டிரைவர். காலில் சதையும் எலும்பும் நன்றாகத்தான் இருக்கின்றன, அதற்கு உத்தரவு போகிற பாதைதான் மூளையில் அறுந்திருக்கிறது. செத்த இடம் பிழைக்காது. ஆனால் சுற்றியிருக்கிற இடங்கள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும், அதுவும் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான். நடையைக் கற்க நடக்கத்தான் வேண்டும், படுத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தால் காலை ஆட்டத்தான் வரும். 2009-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், நடைப் பயிற்சி நடந்த அமர்வுகளில் நோயாளிகள் எத்தனை அடி வைத்தார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார்கள். ஒரு அமர்வுக்குச் சராசரி 357. தேயிலைக் காட்டில் வேலை பார்க்கிற ஒருவர் காலை டீக்கு முன்னாலேயே அதைவிட அதிகம் நடந்துவிடுவார்.

அடுத்தது கவனம். "முட்டியை மடக்குங்க, பாதத்தைத் தூக்குங்க, குதிகாலை ஊணுங்க" என்று நான் அடுக்கிக்கொண்டே போனால் அவர் நின்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார், யோசித்தால் கால் மரக்கட்டையாகிவிடும். "அந்தப் பட்டையை மிதிங்க" என்றால் போதும், கால் தானாகப் போகும். அடி எடுத்து வைக்கத் திணறுகிற பார்க்கின்சன் நோயாளிகள் தரையில் கோடு போட்டால் தடையில்லாமல் நடக்கிறார்கள் என்பது 1960-களிலேயே மருத்துவர்கள் எழுதிவைத்த விஷயம். கண்ணைக் கொண்டு மூளையைத் திருப்பலாம் என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரே சாட்சி: சென்னை ஸ்டான்லியில் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ்.ராமச்சந்திரன், 1990-களில் ஒரு சாதாரணக் கண்ணாடியில் நல்ல கையின் பிம்பத்தைக் காட்டி, வெட்டி எடுத்துவிட்ட கையில் இருப்பதாகத் தோன்றுகிற வலியைக் குறைக்க முடியும் என்று காட்டினார். அதே முறை 1999-லேயே பக்கவாதக் கைக்கும் வந்துவிட்டது. முகம் பார்க்கிற கண்ணாடி, வேறொன்றுமில்லை.

ஸ்ட்ரோக் வந்த எத்தனாவது நாள் ஆரம்பிக்கலாம்? சீக்கிரம் ஆரம்பிச்சா சீக்கிரம் நடப்பாங்கன்னு சொல்றாங்களே?

சீக்கிரம் என்பது உண்மை, அவசரம் என்பது வேறு. 2015-இல் முடிவு வெளியான 2,104 பேர் ஆய்வு ஒன்றில், 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அதிகமாக நடக்க வைத்தவர்களுக்கு, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட மூன்று மாதம் கழித்துப் பலன் குறைவாகவே இருந்தது. முதல் நாட்களில் டாக்டர் சொல்கிறபடி உட்காருங்கள், நில்லுங்கள். கண்ணாடிப் பேச்சு, நான் முதலில் சொன்ன "நாலைந்து அடி" நிலைமை வந்த பிறகுதான்.

எங்கப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து மூணு வருஷம் ஆச்சு. ஆறு மாசத்துக்கு மேல முன்னேற்றம் இருக்காதுன்னு சொல்லிட்டாங்க. இனிமே எதுக்கு?

பெரிய முன்னேற்றம் முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் வருவது நிஜம். அதற்கப்புறம் கதவு சாத்திவிடும் என்பது நிஜமில்லை, வேகம் குறையும், அவ்வளவுதான். மூன்று வருஷம் ஆனவரிடம் நான் வேறொன்றைப் பார்ப்பேன்: அவர் நடக்க முடியாமல் நடக்கவில்லையா, விழுந்துவிடுவோம் என்று பயந்து நடக்கவில்லையா, இல்லை வீட்டார் நாற்காலியிலேயே எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டதால் நடக்கவில்லையா? கடைசி ரகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்பால் வருகிற கெடுதல் அது, யாரையும் குறை சொல்லவும் முடியாது.

பேச்சு வேண்டாம், அளந்துவிடலாம். பத்து மீட்டர் நடக்க எத்தனை நொடி? 25 நொடிக்கு மேல் ஆனால் வீட்டுக்குள் மட்டும் நடக்கிறவர், 12 நொடி சுமாரில் முடித்துவிட்டால் கடைகண்ணிக்குப் போய்வரத் தெம்பு உள்ளவர் என்பது பிசியோக்கள் வைத்திருக்கிற கணக்கு. இன்றைக்கு ஒரு எண்ணை எழுதி நாட்காட்டியில் குத்திவையுங்கள், ஆறு வாரம் கழித்துப் பேசலாம்.

தரையில என்னதான் தெரியும்? பயந்துர மாட்டாங்களா?

பயப்படுவதில்லை. வேறு விதமாகத்தான் சிக்கல் வந்தது. மாணவர்கள் முதலில் அழகாக இருக்கட்டும் என்று பூப்போட்ட வட்டங்களை வைத்திருந்தார்கள். கோத்தகிரி பக்கத்தில் 70 வயதுப் பாட்டி ஒருவர், பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோனவர், கண்ணாடியை மாட்டியதும் முகமெல்லாம் சிரிப்பு. "நடங்க பாட்டி" என்றேன். ஒவ்வொரு வட்டமாகப் பார்த்து, பலவீனமான அந்தக் காலை இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டு போகிறார், ஒன்றையும் மிதிக்கவில்லை. "ஏன் பாட்டி?" என்றால், "கோலத்தை மிதிக்கலாமா பாப்பா?" என்றார். சரி என்று பாதச் சுவடாக மாற்றிக்கொடுத்தார்கள். அது கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜையறைக்குப் போடுகிற பாதம் மாதிரியே இருந்தது, அதையும் மிதிக்க மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் ரோட்டைக் கடக்கிற இடத்தில் இருக்குமே, அந்த மாதிரி வெறும் பட்டை. யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

பட்டையின் இடைவெளியை அவர் இப்போது வைக்கிற அடியை அளந்துவிட்டு, அதைவிடக் கொஞ்சமாகக் கூட்டித்தான் வைப்பேன். பேராசைப்பட்டு ஒரேயடியாகக் கூட்டினால் இடுப்பைத் தூக்கிக் காலை அரைவட்டமாக வீசிப் பட்டையைப் பிடித்துவிடுவார், அது தப்பான நடையில் கிடைக்கிற மார்க். இன்னொன்று, இந்தக் கண்ணாடிகளில் படம் தெரிகிற பரப்பு சின்னது. காலடியில் இருக்கிற பட்டையைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தை ரொம்பக் குனிய வேண்டும், குனிந்தால் உடம்பு முன்னால் சாயும். அதனால் இரண்டு அடி முன்னால் இருக்கிற பட்டையைப் பார்த்து நடக்கப் பழக்குகிறேன்.

விழுந்தது வலது கால். நீங்க இடது காலை எட்டி வை, எட்டி வைன்னு சொல்றீங்களே, மாத்திச் சொல்றீங்களா?

மாற்றிச் சொல்லவில்லை. ஒருவர் பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். நிறையப் பேருக்குக் குட்டையாக விழுவது நல்ல காலின் அடிதான். நல்ல கால் காற்றில் இருக்கிற அந்த நேரம் முழுவதும் உடம்பை ஒற்றையாகத் தாங்க வேண்டியது பலவீனமான கால். அதை நம்ப முடியாததால் நல்ல காலை அவசரமாகக் கொண்டுவந்து போட்டுவிடுகிறார்கள். நல்ல காலை நீட்டி வைக்கச் சொன்னால் பலவீனமான காலுக்குத்தான் வேலை, எடை தாங்கப் பழகுகிறது. எல்லோருக்கும் இப்படியே என்று சொல்ல முடியாது, அதனால்தான் அளக்கிறோம், அதனால்தான் இரண்டு காலுக்கும் தனித்தனி நிறத்தில் பட்டை.

அந்தக் கண்ணாடி என்ன விலை? வாங்கிரலாமா?

வாங்காதீர்கள். ஹோலோலென்ஸ் 2 வந்தபோது 3,500 டாலர், 2024-இல் அதன் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். குவெஸ்ட் 3, 2023-இல் 500 டாலரில் வந்தது, ஆனால் இரண்டாவது கேள்வியில் சொன்ன இருட்டுப் பிரச்சினை இருக்கிறது. எதை வாங்கினாலும் பக்கவாத நடைக்கென்று ஒரு மென்பொருள் வேண்டும், அதைச் சரிபண்ணி வைக்க ஒரு ஆள் வேண்டும், இரண்டும் இல்லாமல் வாங்கினால் பேரன் கேம் ஆடுவான்.

போனிலேயே ஏ.ஆர். இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நல்ல கை ஒன்றுதான், அதில் கோல் இருக்க வேண்டும். போனை எந்தக் கையில் பிடிப்பது?

அப்ப தரையில டேப் ஒட்டினாலே போதாதா?

பாதிக்கு மேல் போதும். மஞ்சள் இன்சுலேஷன் டேப்பை வாங்கி, குறுக்கே ஒட்டி, அதன் மேல் நடக்க வைப்பதைத்தான் நான் எல்லா வீட்டிலும் முதல் நாளே செய்கிறேன். கண்ணாடி வராத நாட்களிலும் அவர்கள் செய்வது அதுதான். ஓரம் தூக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தடுக்கும்.

கண்ணாடி டேப்பைவிட எங்கே மேலே போகிறது என்றால், இடைவெளியை ஒரு விநாடியில் மாற்றலாம், ஒரு காலுக்கு மட்டும் மாற்றலாம், நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு பட்டையை நகர்த்தலாம், குறுக்கே ஒரு சின்னப் பெட்டியை வைக்கலாம், பெட்டியில் கால் பட்டாலும் அவர் தடுக்கி விழ மாட்டார். ஒவ்வொரு அடியும் பதிவாகும், போன வாரத்தோடு ஒப்பிட்டுக் காட்டலாம். அந்தப் பெட்டி விஷயம் ஒன்றுக்காகவே நான் இதைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன், ஏனென்றால் நம் ஊர் வீடுகளில் வாசற்படி, கல், குழாய், நாய் எல்லாம் குறுக்கேதான் கிடக்கும்.

ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்களா?

ஏ.ஆர். நடைப் பயிற்சியில் வந்திருக்கிற ஆய்வுகள் பெரும்பாலும் சின்னவை, சில பத்துப் பேரை வைத்துச் செய்தவை. அதன் அண்ணனான வி.ஆர்., வீடியோ கேம் பயிற்சிகளைப் பற்றி 2017-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற கோக்ரேன் அமைப்பு 72 ஆய்வுகளை, 2,470 பேரை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. கைப் பயிற்சியில் வழக்கமான பிசியோவுக்குப் பதிலாகக் கொடுத்தால் கூடுதல் லாபமில்லை, அதோடு சேர்த்துக் கூடுதல் நேரமாகக் கொடுத்தால் பலன் இருக்கலாம் என்று வந்தது. நடை வேகத்துக்கு உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. என் அனுபவமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: கண்ணாடி இருந்தால் அலுப்பில்லாமல் அதிகம் நடக்கிறார்கள், அந்த அதிகம்தான் மருந்து.

எங்களது லைன் வீடு. பத்துக்குப் பன்னெண்டு ரூம், அதுல கட்டில் வேற. எங்க நடக்கிறது?

உள்ளே நடக்க முடியாது, நாலு அடியில் திரும்ப வேண்டியிருக்கும், திரும்பும்போதுதான் விழுகிறார்கள். லைனுக்கு முன்னால் நீளமாக ஓடுகிற திண்ணை இருந்தால் அதுதான் நல்ல இடம். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் செருப்பையும் குடத்தையும் அரை மணி நேரம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள், கேட்டால் எடுத்துவைப்பார்கள். அது இல்லையென்றால் சமுதாயக்கூடம், கோயில் மண்டபம், பள்ளிக்கூட வராந்தா.

ஒரு தொழில்நுட்பத் தொல்லையும் உண்டு. கண்ணாடியில் இருக்கிற கேமராக்கள் சுற்றியிருக்கிற மூலை, விளிம்பு, புள்ளிகளைப் பார்த்துத்தான் தரை எங்கே என்று கணக்குப் போடுகின்றன. பளபளவென்று மெழுகின சிவப்புத் தரை, வெறும் சுண்ணாம்புச் சுவர், ஒற்றை பல்பு என்றால் அதற்குக் கணக்குத் தப்பும், பட்டை மெல்ல நகர்ந்து சுவர் மேல் ஏறும். ஒருமுறை அப்படி நகர்ந்த பட்டையைத் துரத்திக்கொண்டு ஒரு பெரியவர் நேராகக் கட்டில் காலை நோக்கிப் போய்விட்டார், நான் பெல்ட்டைப் பிடித்திருந்ததால் தப்பித்தோம். இப்போதெல்லாம் முதலில் பழைய நியூஸ்பேப்பர், காலண்டர் தாள் எல்லாம் சுவரின் கீழ்ப்பக்கம் ஒட்டிவிட்டு, நானே இரண்டு நடை நடந்து பார்த்துவிட்டுத்தான் அவருக்கு மாட்டுகிறேன்.

எங்க ஊர்ல சமதரையே கிடையாது. ரோட்டுக்கு இறங்க 43 படி. இந்தச் சமதரை நடை எதுக்கு ஆகும்?

இதுதான் இந்த மலையின் கேள்வி. சமவெளியில் எழுதின எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் 43 படி வருவதில்லை, அதிலும் ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது நாலு விரல் உயரம், நடுவில் ஒரு கல் ஆடும். இதைக் கேட்டவர் கொழுந்து பறிக்கிற வேலை பார்த்த அம்மா, வலது பக்கம் பலவீனம். அவருக்கு வேண்டியது பத்து மீட்டர் நடையெல்லாம் இல்லை, ரோட்டுக்கு இறங்கிப் பஸ் ஏற வேண்டும்.

முதலில் சரிவின் கணக்கு. ஏறும்போது பாதம் மேல்நோக்கி மடங்க வேண்டும், ஆடுசதை இறுகிப்போனவருக்கு மடங்காது, பெருவிரல் உரசும். இறங்கும்போது முட்டி மெல்ல மெல்ல மடங்கி எடையைத் தாங்கி இறக்க வேண்டும், பலவீனமான முட்டி ஒன்று படக்கென்று மடங்கும், இல்லையென்றால் பின்பக்கமாகப் பூட்டிக்கொள்ளும். ஏறுவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஏறினால் மூச்சு வாங்கும், இறங்கினால்தான் விழுவார்கள். படிக்கு ஒரு விதி: ஏறும்போது நல்ல கால் முந்தி, இறங்கும்போது பலவீனமான கால் முந்தி, ஒரு படியில் இரண்டு காலும் சேர்ந்த பிறகுதான் அடுத்த படி.

கண்ணாடி இதில் எங்கே வருகிறது என்றால், வீட்டுக்குள்தான். இல்லாத பெட்டியைத் தாண்டித் தாண்டிப் பாதத்தைத் தூக்கப் பழகுவது வரைக்கும்தான் அதன் வேலை. நிஜமான படியில் அதை மாட்ட மாட்டேன். நாங்கள் வைத்திருக்கிற மென்பொருளுக்குச் சமதரை மட்டும்தான் தெரியும், வெயிலில் பட்டை மங்கிப்போகும். படிக்கு நான் செய்யச் சொன்னது பெயின்ட் வேலை: ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் கோடு. அதுவும் ஒரு வகையில் அதே பட்டைதான். கைப்பிடியையும் யோசித்து வையுங்கள், ஒரு பக்கம் மட்டும் போட்டால் ஏறும்போது நல்ல கைக்கு வருவது இறங்கும்போது விழுந்த கைக்கு வரும். அந்த அம்மாவின் மகன் இரண்டு பக்கமும் இரும்புக் குழாய் வைத்துக்கொடுத்தார், கண்ணாடியைவிட அதுதான் பெரிய உதவி.

மழைக்காலம், மஞ்சு, குளிர்... அப்பெல்லாம் எப்படி?

மழையில் படியில் பாசி பிடிக்கும், வெளியே பயிற்சி கிடையாது. குளிரில் கை கால் இறுக்கம் கூடுகிறது என்று அநேகமாக எல்லா நோயாளியும் சொல்கிறார்கள், ரத்த அழுத்தமும் குளிரில் கூடும். உறைபனி விழுகிற டிசம்பர், ஜனவரியில் காலை ஆறு மணிக்கு எழுப்பி நடக்க வைக்காதீர்கள், வெயில் ஏறினபிறகு, பத்து மணிக்கு மேல். குல்லாவின் மேல் கண்ணாடியை மாட்டினால் வழுக்கி இறங்கும், அரை கிலோவுக்கு மேல் எடை வேறு. குல்லாவைக் கழற்றிவிட்டுக் காதுக்கு மஃப்ளர் சுற்றுங்கள். காலுக்கு ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், பின்பக்கம் பிடிப்புள்ள ஷூ. பாதம் தொங்குகிறவருக்கு ஷூவுக்குள் வைக்கிற பிளாஸ்டிக் தாங்கி, ஏ.எஃப்.ஓ. என்பார்கள், அதை அளவெடுத்துச் செய்துவிட்டு, அதோடுதான் கண்ணாடிப் பயிற்சி.

அம்மாவுக்கு இடது பக்கம் இருக்கிறதே தெரியறதில்ல. தட்டுல அந்தப் பக்கச் சோறு அப்படியே இருக்கு. இவங்களுக்குப் பட்டை தெரியுமா?

இதில் இரண்டு இருக்கிறது, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, பார்வையில் பாதி போய்விடுவது. அவருக்குத் தன் குறை தெரியும், சொல்லிக்கொடுத்தால் தலையைத் திருப்பிப் பார்ப்பார். இன்னொன்று, கண் நன்றாக இருந்தும் மூளை அந்தப் பக்கத்தையே கணக்கில் சேர்க்காதது. மூளையின் வலது பக்கம் அடிபட்டால் இது அதிகம். உங்கள் அம்மாவுக்கு எது என்று டாக்டரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகை என்றால் வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டே போவார், கேட்டால் இடிக்கவில்லை என்பார்.

இவர்களுக்குப் பட்டையை நடுவில் வைப்பதற்கு முன்னால், இடது ஓரத்தில் ஒரு கெட்டியான சிவப்புக் கோடு வைத்து, "முதல்ல சிவப்பைக் கண்டுபிடிங்க, அப்புறம் நடங்க" என்று ஒவ்வொரு நடையிலும் பழக்க வேண்டும். நேரம் பிடிக்கும். கண்ணாடியின் படப்பரப்பு சின்னது என்று மேலே சொன்னேன் அல்லவா, அது இவர்களுக்கு இன்னும் கஷ்டம். சிலருக்குத் தரையில் நிஜமான சிவப்பு டேப்தான் சரிப்பட்டது.

பேச்சு வரல, நாம சொல்றதும் பாதிதான் புரியுது. செய்வாரா?

இவர்களுக்குத்தான் இது ரொம்பப் பொருத்தம். வாயால் விளக்க ஒன்றுமில்லை. நான் ஒருமுறை நடந்து காட்டிவிட்டு மாட்டிவிடுவேன்.

தலை சுத்துமா? யாருக்கு இதைப் போடவே கூடாது?

சிலருக்குச் சுற்றும், திரையில் காட்டுகிற வகையில் அதிகம். முதல் நாள் ஐந்து நிமிடம், உட்கார்ந்தபடியே. சரியாக இருந்தால்தான் நிற்பது, நடப்பது. பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதன் மேலேயே மாட்டிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு பவர் உள்ள லென்ஸ் என்றால் கீழே பார்க்கும்போது தரை மங்கும், தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரச் சொல்வேன்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் பி.பி. பார்ப்பேன், 180/110-க்கு மேல் இருந்தால் அன்றைக்கு நடை கிடையாது, டாக்டருக்குப் போன். அடிக்கடி வலிப்பு வருகிறவர்கள், எழுந்து நின்றாலே தலை கிறுகிறுப்பவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள், இல்லாததை இருப்பதாக நினைக்கிற அளவுக்கு மனக்குழப்பம் உள்ளவர்கள், இவர்களுக்கு வேண்டாம். பயிற்சி நடுவில் முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, நல்ல கை தளர்ந்தாலோ பயிற்சியையெல்லாம் மறந்துவிட்டு 108. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம், நமக்கு அதில் ஒரு பகுதி வளைவு ரோட்டிலேயே போய்விடும்.

கோயம்புத்தூர்ல ரோபோ மெஷின்ல கட்டித் தொங்கவிட்டு நடக்க வைக்கிறாங்களாம். அங்கேயே போயிரலாமா?

கொஞ்சமும் நிற்க முடியாதவருக்கு அந்த மாதிரி மெஷின்கள் உதவும். மற்றபடி, அமெரிக்காவில் 408 பேரை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது: ஒரு சாராருக்கு உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற டிரெட்மில், இன்னொரு சாராருக்குப் பிசியோ வீட்டுக்கு வந்து கொடுக்கிற பயிற்சி. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டிலும் நடை கிட்டத்தட்ட ஒன்றுதான். வாரம் மூன்று நாள் மலை இறங்கி ஏறுகிற காசையும் வாந்தியையும் இதோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அப்ப பிசியோவே வேண்டாம், யூடியூப் பார்த்து நாங்களே பண்ணிக்கிறோம்?

இதற்கும் ஆய்வு இருக்கிறது, நம் நாட்டிலேயே. 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்து, வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே செய்யவைத்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது: வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. வீட்டார் வேண்டாம் என்று அர்த்தமில்லை, வீட்டார் தலையிலேயே முழுப் பாரத்தையும் போட்டால் ஆகாது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். காசு கஷ்டம் என்றால், 2021-இல் தமிழக அரசு ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவதற்கு வழி இருக்கிறது, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

புறா ரத்தம் தேய்ச்சா சரியாகும்னு சொல்றாங்களே?

புறாவை விட்டுவிடுங்கள். எண்ணெய் நீவுவது சுகமாக இருந்தால் மெல்ல நீவலாம், தோளைப் பிடித்து இழுக்கக் கூடாது. நீவி முடித்ததும் பாதத்தைத் துடைத்துவிட்டு இறக்குங்கள், எண்ணெய்க் காலோடு சிமென்ட் தரையில் இறங்கினவர் ஒருவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது.

கண்ணாடி போட்டா நல்லா நடக்கிறார், கழட்டினா பழையபடி இழுத்துக்கிட்டுத்தான் நடக்கிறார். அப்ப இது கண்கட்டு வித்தைதானே?

ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். பட்டை ஊன்றுகோல் மாதிரி, கையிலிருந்து வாங்க வேண்டிய நேரத்தில் வாங்காவிட்டால் அதுவே பழகிவிடும். அதனால் ஒரு வாரம் நன்றாக நடந்தவுடன் ஒன்றுவிட்டு ஒரு பட்டையை எடுத்துவிடுவேன். அப்புறம் ஆரம்பத்தில் மட்டும் மூன்று பட்டை, மீதி வெறும் தரை. அப்புறம் கண்ணாடி இல்லாமல், கூடவே பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடக்க வைப்பேன், இன்றைக்குப் பச்சைத் தேயிலை கிலோ என்ன விலை, பேத்தி எத்தனாவது படிக்கிறாள் என்று. பதில் சொல்ல நின்றுவிட்டால் நடை இன்னும் பழகவில்லை என்று அர்த்தம், பட்டைக்குத் திரும்ப வேண்டும்.

பத்து மீட்டர் நேரத்தை எப்போதும் கண்ணாடி இல்லாமல்தான் எடுப்பேன், நாட்காட்டியில் அந்த எண்தான் ஏறும். 43 படி அம்மாவுக்கு ஆறு வாரத்தில் 31 நொடி 22 ஆனது. கோலம் மிதிக்க மாட்டேன் என்ற பாட்டிக்கு நாலு வாரமாக எண் அசையவே இல்லை. சென்ற வாரம் கண்ணாடியை நிறுத்திவிட்டோம். அவர் வீட்டுத் திண்ணையில் இப்போது டேப்தான் ஒட்டியிருக்கிறது, அதை மிதிப்பதில் அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை.